தறிக்குழியருகே ஒரு தூளி: கொங்குக் கைவினைக் குழுவில் பிள்ளை வளர்ப்பைக் கதையாக்க முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலில் எழுதிய நெசவாளர் கதையை எங்கள் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். நாற்பது ஆண்டுகள் குழித்தறியில் உட்கார்ந்தவர். கதையில், தாயை இழந்த ஒன்பது வயதுச் சிறுமியை ஒரு கைவினைக் குழு எடுத்து வளர்க்கிறது. தெருவே அவள்மீது அன்பு காட்டுகிறது. அவள் அழுகிறாள், நெய்யக் கற்கிறாள், மறுபடியும் அழுகிறாள். கேட்டு முடித்த பெரியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இந்தப் பிள்ளைக்குத் தலையில் பேனே இல்லையா? யார் பார்த்துவிட்டார்கள்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பேன் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு வெளிச்சம் இருக்கும்போதே அரை மணி நேரம் ஓய்வு வேண்டும். ஓய்வு வேண்டுமென்றால் தறி நிற்க வேண்டும். தறி நின்றால் அன்றைக்கு எத்தனை முழம் குறைந்தது என்று ஒருவர் எழுதிவைப்பார், இன்னொருவர் முணுமுணுப்பார். என் கதையில் இவர்களில் ஒருவர்கூட இல்லை. “குழு வளர்த்தது” என்று எழுதியிருந்தேன். குழு வளர்த்தது என்றால் யாரும் வளர்க்கவில்லை என்றுதான் பொருள்.

அதற்குப் பிறகு அந்தக் கதையை மூன்று முறை கிழித்து எழுதினேன். கற்பனையாக ஒரு கைவினைக் குழுவை உருவாக்கி, அதில் பிள்ளைகள் வளர்வதையும் வேறு வீட்டுப் பிள்ளைகள் வந்து சேர்வதையும் எழுத நினைப்பவர்களுக்கு, நான் இடறிய இடங்களை வரிசைப்படி சொல்கிறேன்.

படி 1: தொழில், இடம், காலம் மூன்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள்

“பழங்காலக் கொங்கு நாட்டில் ஒரு கைவினைஞர் ஊர்” என்று தொடங்காதீர்கள். எந்தத் தொழில் என்பதுதான் பிள்ளையின் கை எங்கே இருக்கும், கண் எங்கே இருக்கும், எந்த நேரத்தில் பசிக்கும் என்பதையெல்லாம் முடிவு செய்கிறது.

மிகப் பழைய காலம் வேண்டுமென்றால் கொடுமணல் இருக்கிறது. நொய்யல் ஆற்றின் வடகரையில், சென்னிமலைக்குப் பக்கத்தில். அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், பாதி வேலையில் நின்றுபோன கல்மணிகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்த ஊர். மணி செய்யும் குழுவில் பிள்ளைக்கு என்ன வேலை? துளையிடும்போது தெறித்து உடைந்தவற்றைப் பொறுக்குவது, நிறவாரியாகப் பிரிப்பது. அங்கே வளரும் பிள்ளை உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். கண் கூர்மையாகும், முதுகு வளையும்.

இடைக்காலம் என்றால் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோனேரின்மைகொண்டான் என்ற அரசப் பட்டத்துடன் கரூர்ப் பக்கத்து வெங்கால நாட்டுக் கம்மாளருக்கு (கொல்லர், தச்சர் போன்ற கைவினைஞருக்கு) ஓர் ஆணை இருக்கிறது. நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுக்கிறது. இதைத் தலைகீழாகப் படித்துப் பாருங்கள். அந்த ஆணை வருவதற்கு முந்தைய நாள் வரை ஒரு கொல்லர் வீட்டுப் பிள்ளை தன் அப்பன் செருப்பில்லாமல் தெருவைக் கடப்பதைப் பார்த்து வளர்ந்திருக்கிறது. ஒரு நாவலுக்கு இந்தக் காலடி போதும்.

நான் பிடித்துக்கொண்டது பவானி. இங்கிலாந்து ஆலைத்துணி சந்தையை நிறைத்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அங்கிருந்த ஜங்கமர் என்ற சமூகத்து நெசவாளர்கள் முரட்டு நூலில் வண்ணப் பட்டைகள் வைத்து விரிப்பு நெய்யத் தொடங்கினார்கள். அதுதான் பவானி ஜமக்காளம். அகலமான ஜமக்காளத்துக்கு ஒரே தறியில் இருவர் அருகருகே உட்கார்ந்து நாடாவை (குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் கட்டையை) ஒருவருக்கொருவர் கைமாற்றி நெய்வார்கள். தெரிந்தவரும் தெரியாதவரும், தகப்பனும் பிள்ளையும், வளர்த்தவரும் வளர்ந்தவரும் ஒரே பலகையில் தோளுரச உட்கார வேண்டியிருக்கிறது. பேசாமல் கோபித்துக்கொண்டால்கூட நாடாவைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கதைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

காலத்துக்கு 1924ஐ எடுத்தேன். அந்த ஆண்டு ஜூலையில் காவிரியில் பெருவெள்ளம். ஆடி பிறந்த சமயம். ஆறு பெருகுவதைக் கொண்டாடக் காத்திருந்த கரையில் ஆறே வீடு புகுந்தது. என் சின்னவள் (பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்) ஒரு பரிசல்காரரின் மகள். தாய் வெள்ளத்தோடு போய்விட்டாள். தகப்பன் உயிரோடு இருக்கிறார், பரிசல் இல்லை. கோயம்புத்தூரில் 1888இலேயே நூற்பாலை வந்துவிட்டது. ஆலை வேலைக்குப் போய்த் தையில் திரும்பி வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று பிள்ளையைக் குழுவிடம் விட்டுவிட்டுப் போகிறார்.

தகப்பனைக் கொன்றுவிடாதீர்கள். நான் முதலில் செய்த பெரிய பிழை அதுதான். யாருமற்ற பிள்ளையை வளர்ப்பது எளிது. கேட்டுவர ஆள் இருக்கும் பிள்ளையை வளர்ப்பதில்தான் கதை இருக்கிறது.

படி 2: குழுவுக்கு ஒரு சொல்

சின்ன வேலை, ஆனால் தவறினால் முதல் பக்கத்திலேயே உள்ளூர்க்காரர் புத்தகத்தை மூடிவிடுவார். ‘கூட்டம்’ என்ற சொல்லைக் கொங்கில் தொடாதீர்கள். அது குலப்பிரிவைக் குறிக்கும். ‘தொழிற்சங்கம்’ என்றால் கொடியும் கோஷமும் கண்முன் வரும். ‘சங்கம்’ என்றால் இன்றைய நெசவாளருக்குக் கூட்டுறவு சங்கம். கைத்தறி நெசவாளர் கூட்டுறவு அமைப்பான கோ-ஆப்டெக்ஸ் தொடங்கியதே 1935இல்தான் என்பதால் 1924 கதையில் அந்தப் பொருள் முன்கூட்டியே வந்துவிடும். நான் ‘தறிக்காரர்கள்’ என்று மட்டும் எழுதினேன். “தறிக்காரர்கள் கூடிப் பேசினார்கள்” என்றால் போதும், குழு கண்முன் நிற்கிறது.

படி 3: தெருவைக் காகிதத்தில் வரையுங்கள்

நெசவுத் தெரு நீளமாக இருப்பது அழகுக்காக அல்ல. பாவு நூலை, அதாவது துணியின் நீளவாக்கு நூலை, இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க அந்த நீளம் வேண்டும். விடிவதற்கு முன் பாவு தெருவில் ஏறிவிடும். வெயில் உச்சிக்கு வருவதற்குள் வேலை முடிய வேண்டும். ஆகவே காலையில் தெரு பிள்ளைகளுக்குச் சொந்தமில்லை. பாவுக்கு அடியில் குனிந்து ஓடத் தெரிந்த பிள்ளை தெருப்பிள்ளை. நூலைத் தலையால் முட்டுவது புதிதாக வந்த பிள்ளை. யார் யார் என்று விளக்கம் சொல்லாமலேயே வாசகருக்குக் காட்டிவிடலாம்.

அடுத்து வீட்டுக்குள் வாருங்கள். குழித்தறி என்றால் நெய்பவரின் கால்கள் தரைக்குக் கீழே, குழிக்குள் மிதிமேல் இருக்கும். உடம்பு தரைமட்டத்தில். அதனால் தவழும் பிள்ளையின் முகமும் தாயின் முகமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். வேறெந்தத் தொழிலில் இப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கூடவே ஆபத்தும் உண்டு: குழி. தவழ்கிற பிள்ளை உள்ள வீட்டில் தறியை விட்டு எழும்போதெல்லாம் குழியின் வாயில் ஒரு பலகையையோ பாயையோ போட்டுவிட்டுப் போவார்கள்.

எங்கள் பெரியம்மா வீட்டில் நானே பார்த்தது ஒன்று. விட்டத்தில் பழைய சேலையில் தூளி. தூளியிலிருந்து ஒரு கயிறு இறங்கி வந்து, குழிக்குள் அவர் கால் கட்டைவிரலில் கட்டியிருக்கும். மிதியை அழுத்தும்போதெல்லாம் தூளி ஒரு சாண் ஆடும். தனியாக ஆட்டத் தேவையில்லை. ஆனால் அந்தப் பிள்ளை தறி ஓடினால் தூங்கும், தறி நின்றால் விழித்து அழும். இழை அறுந்தது என்பதை முதலில் அறிவிப்பது அதுதான்.

படி 4: வயதை ஆண்டுகளால் அளக்காதீர்கள்

“ஐந்து வயதில் இது, பத்து வயதில் அது” என்ற அட்டவணை பள்ளிக்கூடத்துக்குச் சரி. கைவினைக் குழுவில் உடம்பு எட்டுவதுதான் வயது. என் குழுவில் நான் வைத்தவை இவை.

*நூல் தூக்கும் வயது.* சிட்டத்தை, அதாவது நூல் கற்றையை, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கீழே போடாமல் கொண்டுபோவது. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போகிற வழியில் யார் வீட்டில் என்ன சமையல் என்ற செய்தியும் பிள்ளையோடு போகும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

*ராட்டை சுற்றும் வயது.* பிள்ளைகள் தொழிலுக்குள் உண்மையில் நுழைவது இங்கேதான், ஆகவே இங்கே நின்று எழுதுங்கள். சிட்டத்து நூலை ராட்டை வைத்துத் தாரில், அதாவது சிறு குழலில், சுற்றுவது. அந்தத் தார்தான் நாடாவுக்குள் போய் ஊடையாகிறது, குறுக்கு நூலாகிறது. வலது கை ராட்டையைச் சுழற்ற, இடது கை விரல்களுக்கிடையே நூல் ஓடும். பிடி இறுகினால் நூல் அறும். பிடி தளர்ந்தால் தார் பொலபொலவென்று சுற்றும். நாடா ஓடும்போது அடுக்கு சரிந்து சிக்கும், தறி நிற்கும். ஆகவே பிள்ளையின் மனநிலை முழுவதும் தாரில் இருக்கிறது. சின்னவள் வந்த முதல் வாரம் அவள் சுற்றிய தார்களை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிற பெரியவர், அவள் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. “ராத்திரி தூங்கவில்லையா, கண்ணு?” என்று கேட்டுவிட்டுத் தாரைத் திரும்பக் கொடுக்கிறார். என் கதையில் இரக்கம் வெளிப்படும் இடம் அது ஒன்றுதான். நான்கு பக்க அழுகையை எடுத்துவிட்டு அதை வைத்தேன்.

கணக்கும் இங்கேதான் வருகிறது. பருத்தி நூலில் ஒரு சிட்டம் 840 கெஜம். பத்தாம் நம்பர் நூல் என்றால் பத்துச் சிட்டம் சேர்ந்து ஒரு ராத்தல். இருபதாம் நம்பர் என்றால் இருபது. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். பள்ளிக்குப் போகாத பிள்ளையும் விரலால் நூலைத் தொட்டு நம்பர் சொல்லும்.

*கால் எட்டும் வயது.* குழியில் இறங்கி உட்கார்ந்தால் பாதம் மிதியில் படிய வேண்டும். ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டில் எட்டும், இன்னொன்றுக்குப் பதினான்கு ஆகும். குள்ளமான பிள்ளை ஒன்றை வைத்துப் பாருங்கள். தன்னைவிடச் சிறியவன் முதலில் குழியில் இறங்குவதைப் பார்க்கும் அந்த மதியத்தை எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

*மாதிரி அறியும் வயது.* எத்தனை இழைக்கு எந்த நிறம், கரை எங்கே திரும்புகிறது என்பதெல்லாம் குழுவின் சொத்து. வளர வந்த பிள்ளைக்கு இதைச் சொல்லலாமா? நாளைக்கே தகப்பன் வந்து அழைத்துப் போனால் மாதிரியும் கூடவே போகும். என் குழுவில் இந்தக் கேள்வியில்தான் சண்டை வெடித்தது. சோறு போடலாமா என்பதில் யாருக்கும் மறுப்பில்லை.

படி 5: மூன்று ஆட்களைப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வளர வந்த பிள்ளைக்குச் சோறு போடுபவர் ஒருவர், அதட்டுபவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் ஒருவர். மூவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும், வேறு வேறு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் அவர் தெய்வமாகவோ அரக்கராகவோ ஆகிவிடுவார். இரண்டுமே கதைக்கு உதவாது.

சோறு போடுபவர்தான் பேன் பார்ப்பவர். கம்பஞ்சோற்றில் மோர் ஊற்றிக் கொடுப்பது, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து விடுவது, பாவாடை நாடாவை முடிச்சுப் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் தொழில் விஷயத்தில் அவர் வாய் திறக்கக் கூடாது. பிள்ளை தார் கெடுத்ததற்காக அதட்டு வாங்கும்போது அவர் அடுப்படியில் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பார், அவ்வளவுதான்.

அதட்டுபவர் கற்றுக்கொடுப்பவர். பிள்ளை பட்டினி கிடந்தாலும் அவர் சோறு கொடுக்க உரிமையில்லை என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள். தன் துண்டில் முடிந்து வைத்த நிலக்கடலையை அவர் “கீழே கிடந்தது” என்று சொல்லிக் கொடுப்பார். விதி இருந்தால்தான் மீறல் இருக்கும்.

கணக்கு எழுதுபவர் பிள்ளை என்ன கொண்டுவந்தது, என்ன வாங்கியது, என்ன செய்தது என்று எழுதுவார். பிள்ளை கொண்டுவந்த பொருள் அவர் பெட்டியில் இருக்கும். திரும்பிப் போகும்போது அதுவே கையில் கிடைக்க வேண்டும். சின்னவள் கொண்டுவந்தது ஒரு பித்தளைக் கிண்ணம். அது பெட்டிக்குள் போனபோது அவள் முதல்முறையாகச் சண்டை போட்டாள். “உன்னுடையது என்பதால்தான் உள்ளே வைக்கிறேன், அம்மிணி” என்று கணக்குப்பிள்ளை சொன்னது அவளுக்குப் புரிய ஐந்து மாதம் ஆயிற்று.

பிள்ளை இந்த மூன்று வீட்டுக்கும் நடுவே ஓடும். ஒருவரிடம் கிடைக்காததை இன்னொருவரிடம் கேட்கும். அந்த ஓட்டம்தான் வளர்ப்பு.

படி 6: என்ன முறை சொல்லிக் கூப்பிடும்?

வெளியூர் எழுத்தாளர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். எல்லாரையும் ‘அத்தை’, ‘மாமா’ என்று அழைக்கவைத்துவிடுவார்கள். நம் வழக்கில் முறை என்பது வெறும் மரியாதைச் சொல் அல்ல. வளர்ப்பவரைப் பெரியம்மா என்றால் அவர் மகன் அண்ணன். அத்தை என்றால் அதே மகன் கட்டிக்கொள்ளும் முறை. பிள்ளை வந்த முதல் நாள் மாலை எந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதில் பத்தாண்டு கழித்து நடக்க வேண்டியது முழுவதும் இருக்கிறது. என் கதையில் சோறு போடும் பெண் “என்னைப் பெரியம்மா என்று கூப்பிடு” என்று சொல்ல, திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமியார், “யோசித்துச் சொல்” என்கிறார். அந்த வீட்டில் பதினோரு வயதுப் பையன் இருக்கிறான் என்பதை நான் இரண்டு பக்கம் கழித்துத்தான் சொல்கிறேன்.

முதியவர்களுக்கும் இதே கதைதான். கொங்கில் தகப்பனின் தகப்பன் அப்பாரு, தாயின் தகப்பன் அப்புச்சி. அப்பாரு என்று கூப்பிட்டால் பங்கு நினைவு வரும். அப்புச்சி என்று கூப்பிட்டால் சீர் மட்டும்தான். செல்லம் கொடுக்கலாம், சொத்துப் பேச்சு இல்லை. கணக்குப்பிள்ளை புத்திசாலி. தன்னை அப்புச்சி என்று கூப்பிடச் சொன்னார். வீட்டுக்கு வீடு, சாதிக்குச் சாதி இந்தச் சொற்கள் மாறும் என்பதால் நீங்கள் எழுதும் தெருவில் போய்க் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அப்புறம் தாய்மாமன். காதுகுத்துக்கு மாமன் மடி வேண்டும். வெள்ளத்தில் எல்லாம் போன பிள்ளைக்கு மாமன் யார்? குழுவில் ஒருவர் உட்கார வேண்டும். உட்கார்ந்தவர் ஆயுள் முழுவதும் சீர் செய்யக் கட்டுப்பட்டவர். மடியில் உட்காரவைக்க எல்லாருக்கும் ஆசை, கட்டுப்பட யாருக்கும் துணிவில்லை. அந்தத் தயக்கத்தை ஒரு முழுக் காட்சியாக எழுதுங்கள்.

படி 7: சாதியை மூடி மறைக்காதீர்கள்

கைவினைக் குழு என்றால் நம் வரலாற்றில் பெரும்பாலும் சாதியும்தான். செங்குந்தர் தெரு, தேவாங்கர் தெரு என்று தனித்தனியே இருந்தன. தேவாங்கர் வீடுகளில் பலவற்றில் உள்ளே கன்னடமும் வாசலில் தமிழுமாகப் பேசுவார்கள்; வளர வரும் பிள்ளை எந்த மொழியில் கனவு காணும் என்று யோசியுங்கள். பரிசல்காரர் மகள் எந்தத் திண்ணை வரை வரலாம், எந்தக் குடத்தைத் தொடலாம் என்ற கேள்வி 1924இல் முதல் மணி நேரத்திலேயே எழுந்திருக்கும். “எங்கள் குழுவில் வேற்றுமை இல்லை” என்று ஒரு வரி எழுதித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். வேற்றுமை இல்லாத குழுவைத்தான் கற்பனை செய்கிறீர்கள் என்றால் அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் கற்பனை செய்யுங்கள்: யார் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வரவில்லை, யார் நூல் கடனை நிறுத்தினார்.

படி 8: வளர்ப்பா, அடகா?

பிள்ளையைக் குழு வளர்க்கிறது என்று நீங்கள் எழுதுவது உண்மையில் பிள்ளையை முன்பணத்துக்கு அடகு பிடித்திருப்பதாக இருக்கலாம். நம் பக்கத்தில் இது கற்பனையல்ல. தறிக்கு முன்பணம் வாங்கிவிட்டுக் குடும்பமே கட்டுண்டு கிடந்ததும், நம் காலத்தில் திருமணத் தொகை தருவதாகச் சொல்லி நூற்பாலை விடுதிகளில் பெண்பிள்ளைகளை வைத்திருந்த ‘சுமங்கலி’ ஏற்பாடும் இந்த மண்ணில் நடந்தவை.

பிரித்துப் பார்க்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. பிள்ளை நாளை போக நினைத்தால் யாராவது யாருக்காவது பணம் கொடுக்க வேண்டுமா? வேண்டும் என்றால் அது அடகு. பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933இல் வந்த சட்டமும் ஏறக்குறைய இந்தக் கோட்டைத்தான் போட்டது. பிள்ளைக்குக் கேடில்லாமல், நியாயமான கூலி தவிர வேறு ஆதாயமில்லாமல், ஒரு வாரத்துக்கு மேற்படாத அறிவிப்பில் முறித்துக்கொள்ளக்கூடிய ஏற்பாடு அடகாகாது என்று விலக்குக் கொடுத்தது. என் கதை அதற்கு ஒன்பது ஆண்டு முந்தையது. ஆகவே தறிக்காரர்கள் அந்தக் கோட்டைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தகப்பன் போகும்போது ஐந்து ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? கொடுத்தால் என்னவென்று எழுதுவது, கடன் என்றா, தர்மம் என்றா? மூன்று பக்கம் இந்தக் கேள்வியே ஓடியது. வாசகர்களுக்குப் பிடித்த பகுதியும் அதுதான் என்று பின்னால் தெரிந்தது.

இன்றைய காலத்தில் கதை நடந்தால் வேறு விதிகள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி வளர்ப்புப் பராமரிப்புக்குப் பிள்ளையைக் கொடுப்பது குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவின்பேரில் நடக்கும். தெரு கூடி முடிவெடுத்துவிட முடியாது. சந்தேகப்படும் பக்கத்து வீட்டுக்காரர் 1098க்கு ஒரு போன் செய்தால் போதும். 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளை, அபாயமில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக உதவலாம் என்கிறது. ஆனால் குடும்பம் என்பதற்கு அது சொல்லும் விளக்கத்தில் தாய், தந்தை, உடன்பிறந்தவர்கள், பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் வருகிறார்கள்; வளர்ப்பவர் என்ற சொல் இல்லை. ஆக, ஒரே திண்ணையில் இரண்டு பிள்ளைகள் தார் சுற்றினால் பெற்ற பிள்ளை செய்வது உதவி, வளர்க்கும் பிள்ளை செய்வது குற்றம். வளர்ப்புத் தாய் அந்த ஒரு பிள்ளையை மட்டும் ராட்டையிலிருந்து எழுப்பிவிடுகிறாள். எழுந்த பிள்ளை அதை எப்படிப் புரிந்துகொள்ளும்?

பின்புலத்துக்குத் தோதான நிகழ்வுகளும் இருக்கின்றன. நொய்யல் மாசுக்காக 2011இல் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடியபோது பிழைப்பிழந்த குடும்பங்கள். ஜமக்காளம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் கைத்தறிக்கு ஒதுக்கப்பட்டது, 2005இல் புவிசார் குறியீடும் பெற்றது; அப்படியும் விசைத்தறிச் சரக்கு போட்டிக்கு வருவதைப் பார்க்கும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. 1982இல் சத்துணவு வந்தபோது மதியச் சோறு குழுவின் கையைவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனதே, அந்த இடத்திலும் ஒரு கதை இருக்கிறது. சோறு போடுபவருக்கு அன்று முதல் ஒரு வேளை குறைந்தது.

படி 9: ஆண்டைச் சுழற்றுங்கள்

மாதம் தெரியாமல் எழுதினால் பிள்ளை வளராது, வயது மட்டும் கூடும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வீசும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், நூல் எம்மாத்திரம்? வறண்ட காற்றில் பருத்தி இழை முறுகி அறும். தறியைக் குழியில் வைப்பதற்கு ஒரு காரணமே மண்ணின் ஈரம் பாவைப் பதமாக வைக்கும் என்பதுதான். அப்படியும் அறும். அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கச் சின்ன விரல்கள் வேண்டும். ஆகவே ஆடி பிள்ளைகளுக்கு வேலை மிகுந்த மாதம். அதே ஆடியில்தான் ஆடி நோம்பியும், புளியமரத்தில் தூரியும் (ஊஞ்சல்), அந்தியூர் குருநாதசாமி கோயில் விழாவும், குதிரைச் சந்தையும். வேலையும் ஆட்டமும் முட்டிக்கொள்ளட்டும்.

ஐப்பசி முற்பகுதி தீபாவளிச் சரக்குக்கான ஓட்டம். யாருக்கும் யாரையும் பார்க்க நேரமில்லை, பேன் பெருகும். அதன்பின் மழை. தெருவில் பாவு ஏறாது, தறிக்குழி ஊறும், கூலி நிற்கும். பசிக்கிற மாதமும் கதை கேட்கிற மாதமும் ஒன்றுதான். உடுக்கை அடித்துப் பாடுபவர் வந்தால் விடிய விடிய நடக்கும். ஆயுத பூசையன்று தறிக்குச் சந்தனம் வைத்து ஓய்வு கொடுப்பார்கள். அன்றைக்கு வளர வந்த பிள்ளையின் ராட்டைக்கும் பொட்டு வைக்கிறார்களா என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள்.

படி 10: கணக்கு நோட்டை எழுதுங்கள்

கதையை எழுதுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கணக்குப்பிள்ளையின் கையெழுத்தில், உணர்ச்சி ஒன்றும் கலக்காமல், ஆறு மாதக் குறிப்பு. எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கே உங்கள் குழு இன்னும் உருவாகவில்லை என்று பொருள். நான் எழுதியதிலிருந்து கொஞ்சம் தருகிறேன்.

உ
ரத்தாட்சி வருடம், ஆடி 9. பரிசல்காரர் மகள் வந்தது. வயது ஒன்பது. கொண்டுவந்தது: பித்தளைக் கிண்ணம் 1, பாவாடை 1. தகப்பனாருக்கு ரூபாய் 5. (கடன் என்று எழுதி அடித்திருக்கிறது. தர்மம் என்று எழுதி அடித்திருக்கிறது.) கொடுத்தது.
ஆடி 18. தூரிக்கு வடக்கயிறு 1, அணா 4. குழுக் கணக்கில் சேராது.
ஆவணி 3. தார் 12. தளர்ந்தது 5.
ஆவணி 20. தார் 15. தளர்ந்தது 1.
புரட்டாசி. சீப்பு 1, வேப்பெண்ணெய்.
ஆயுத பூசை. சந்தனம், பொரி. ராட்டை 7க்கும்.
ஐப்பசி. சிற்றாடை 1. தார் எண்ணவில்லை, வேலை அதிகம்.
கார்த்திகை. மழை. தார் இல்லை. கம்பு 2 படி.
தை 6. தகப்பனார் வந்தார். எதுவும் கேட்கப்படவில்லை. கிண்ணம் 1 திருப்பிக் கொடுத்தது.

ஆடியில் ராட்டை ஆறுதான் இருந்தது. பாவாடையைத் திருப்பிக் கொடுத்ததாகக் குறிப்பு இல்லை. தை 6க்குப் பிறகு அந்த நோட்டில் இன்னும் பதினொரு பக்கம் எழுதியிருக்கிறது. உங்கள் நோட்டில் அந்தப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் முதல் அத்தியாயத்தைத் தொடங்கலாம்.